வலக்கைக்கு நான்கு, இடக்கைக்கு மூன்று

தில்லி, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் பியானோ கற்கும் பிள்ளைகள் பலர் உண்டு. டிரினிட்டி தேர்வு, ராயல் ஸ்கூல்ஸ் தேர்வு என்று படிப்படியாக ஏறி வருபவர்கள், மேல்நிலைப் பாடங்களை எட்டியதும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள். வலக்கை தனியாக நன்றாக வாசிக்கும். இடக்கையும் தனியாக நன்றாக வாசிக்கும். இரண்டும் சேர்ந்தவுடன் எல்லாம் குழம்பிவிடும். ‘எனக்கு இது வராது’ என்று பியானோவையே மூடிவிடும் பிள்ளைகளும் உண்டு. உண்மையில் குறை கையில் இல்லை. கணக்குப் புரியாததுதான் காரணம்.

ஒரே கால அளவில் ஒரு கை மூன்று சுரமும் மற்றொரு கை இரண்டு சுரமும் வாசிப்பதை மேனாட்டு இசையில் பாலிரிதம் என்பார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் முதல் ‘அராபெஸ்க்’கில் மூன்றுக்கு இரண்டு வருகிறது. ஷோப்பன் 1834-ல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1855-ல் வெளிவந்த ‘ஃபேன்டசி இம்ப்ராம்ப்டு’வில் வலக்கை நான்கு வாசிக்கும் நேரத்தில் இடக்கை மூன்று வாசிக்கிறது.

இதை இரண்டு தனித்தனித் தாளங்களாக எண்ண முயல்வதுதான் பிள்ளைகள் தடுமாறும் இடம். மனம் ஒரே நேரத்தில் இரண்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்வது கடினம். இரண்டு கைகளும் சேர்ந்து உண்டாக்கும் ஒரே கோலமாக இதைக் கற்க வேண்டும். அதற்கு நம் வீட்டுச் சொற்கட்டே போதும்.

முதலில் மூன்றுக்கு இரண்டு. ‘தகிட தகிட’ என்று நிதானமாகச் சொல்லுங்கள், ஆறு எழுத்துகள். ஒவ்வொரு ‘த’விலும் இடக்கை தட்டட்டும், அது இரண்டு தட்டு. வலக்கை ஓர் எழுத்து விட்டு ஓர் எழுத்தில் தட்டட்டும்: முதல் ‘த’, அடுத்து ‘ட’, பிறகு இரண்டாவது தகிடவின் ‘கி’. அது மூன்று தட்டு. இரு கையும் சேர்ந்து, பிறகு வலம், இடம், வலம் என்று கேட்கும்.

அடுத்தது நான்குக்கு மூன்று. ‘தகிட’வை நான்கு முறை சொன்னால் பன்னிரண்டு எழுத்துகள். ஒவ்வொரு ‘த’விலும் வலக்கை. இடக்கைக்கு முதல் தகிடவில் ‘த’, இரண்டாவதில் ‘கி’, மூன்றாவதில் ‘ட’, நான்காவதில் ஓய்வு. ஒரு முறை பிடிபட்டால் மறக்காது.

தொடையில் தட்டிப் பழகிய பிறகே கட்டைகளுக்குப் போக வேண்டும். முதலில் ஒவ்வொரு கையிலும் ஒரே சுரம் போதும். ஷோப்பன் 1839-ல் ஒரு பயிற்சி நூலுக்காக எழுதிய மூன்று புதிய எட்யூடுகளில் ஒன்று மூன்றுக்கு நான்கையும், இன்னொன்று மூன்றுக்கு இரண்டையும் பழக்குகின்றன. ‘ஃபேன்டசி’க்கு முன் அவற்றை எடுத்துக்கொள்வது நல்லது.

ஆனால் இந்தக் கணக்கு ஓர் ஏணிதான். வேகம் கூடும்போது பன்னிரண்டு எழுத்தைச் சொல்ல நேரம் இராது. ‘ஃபேன்டசி’யில் வலக்கை வினாடிக்கு ஏறத்தாழ பத்து சுரம் வாசிக்கிறது. அந்நிலையில் கவனிக்க வேண்டியவை இரண்டே: ஒவ்வொரு கையின் சுரங்களும் தமக்குள் சமமாக இருக்கின்றனவா? முதல் சுரத்தில் இரு கைகளும் ஒன்றாக விழுகின்றனவா? இடையில் உள்ளவற்றைக் கைகளிடமே விட்டுவிட வேண்டும். இடக்கையை நிறுத்தாமல் ஓடவிட்டு, வலக்கையை ஒரு தட்டுக்கு மட்டும் சேர்த்து, அடுத்த தட்டின் முதல் சுரத்தில் நிறுத்திப் பழகலாம். பிறகு இரண்டு தட்டு, நான்கு தட்டு என்று நீட்டலாம். ஒரு கைக்காக மற்றக் கையின் சுரத்தை இழுத்துப் பிடித்தால் நடை நொண்டும். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவது கடினம்.

நம் சொற்கட்டு முறையை மேனாட்டு இசைக்குப் பயன்படுத்துவது பற்றி ரஃபேல் ரெய்னா எழுதிய நூல் 2015-ல் வெளிவந்துள்ளது. ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியிலும் இம்முறை கற்பிக்கப்பட்டு வருகிறது. அங்கே பாடமாக இருப்பது நம் வீட்டுக் கூடத்திலேயே கிடைக்கிறது.

மேனாட்டு இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து நிதானமாகத் தாளம் போடுங்கள். முதல் சுரம் ஒன்றாக விழுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ‘இன்னும் வேகமாக வாசி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தினமும் பத்து நிமிடம் பழகினால், நின்றுபோன கைகள் மீண்டும் நடக்கத் தொடங்கும்.