எஸ்டிமேட் விலை எத்தனை நாளைக்குச் செல்லும்?

திருவனந்தபுரம் வலியசாலையில் பங்குனி பிறந்துவிட்டால் ஓட்டுக்கூரைகளின் மேல் ஆட்கள் ஏறத் தொடங்கிவிடுவார்கள். ஜூன் மாதம் இடவப்பாதி மழை இறங்குவதற்குள் உடைந்த ஓட்டை மாற்றி, உளுத்த கழுக்கோலை எடுத்து, சுவரில் விழுந்த வெடிப்பைப் பூசி முடித்தாக வேண்டும். அந்த நாட்களில் தெருவில் அடிக்கடி காதில் விழும் சொல் 'எஸ்டிமேட்' என்பதுதான்.

காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள அக்கிரகாரத்தின் பழைய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டுச் சுவரில் கை வைத்தால் அடுத்த வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார். கூப்பிடு தூரத்தில் சாலைக் கடைத்தெரு. வேலைக்கு வரும் கொத்தனார், ஆசாரி, சித்தாள் ஆகியோரில் பலர் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வேலை கொடுப்பவரும் பல சமயம் தமிழர்; அலுவலக எழுத்தராகவோ, கடைக் கணக்குப்பிள்ளையாகவோ, ஓய்வூதியம் வாங்குபவராகவோ இருப்பார். 'நம்ம ஊர்க்காரர்தானே, எழுத்து எதற்கு?' என்ற எண்ணம் இருதரப்பிலும் உண்டு. தகராறு முளைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பங்குனியில் மேஸ்திரி வந்து பார்த்து, சாமானும் கூலியும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் என்கிறார். வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிப் போடுகிறார். கடன் கைக்கு வரும்போது ஆவணி பிறந்துவிடுகிறது. ஆள் அனுப்பினால் மேஸ்திரி, "சார், அது பங்குனியிலே சொன்ன ரேட். இப்பம் மூணு நாப்பது இல்லாம கட்டுபடியாகாது" என்கிறார். "வாக்கு ஒன்றுதானே மேஸ்திரி?" என்கிறார் வீட்டுக்காரர்.

நாற்பதாயிரம் ரூபாய்தான் வித்தியாசம். கடனுக்கு மேல் அந்தத் தொகைக்கு வீட்டுக்காரர் மனைவியின் வளையலை அடகு வைக்க வேண்டும். பழைய விலைக்கே மேஸ்திரி ஒப்புக்கொண்டாலோ, நஷ்டம் அவர் பையிலிருந்து போகும். அல்லது சித்தாளின் கூலியில் கை வைப்பார். அதுவும் இல்லையென்றால் சாந்தில் சிமெண்டைக் குறைப்பார். எந்த வழியில் போனாலும் யாரோ ஒருவர் தலையில்தான் விடியும். அப்படியானால் சொன்ன விலை எத்தனை நாளைக்குச் செல்லும்?

உத்தேசமா, விலைப்புள்ளியா?

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எஸ்டிமேட் என்றால் உத்தேசம். 'ஏறக்குறைய இவ்வளவு ஆகும்' என்று கண்ணளவில் சொல்வது அது. கூரையைப் பிரித்தால் எத்தனை கழுக்கோல் உளுத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். கொட்டேஷன் என்றால் விலைப்புள்ளி. 'இன்ன வேலையை இன்ன விலைக்குச் செய்து தருகிறேன்' என்ற முன்மொழிவு அது. உத்தேசத்தைக் காட்டி 'நீ சொன்ன விலை' என்று ஒருவரைக் கட்டிப்போடுவது கடினம். விலைப்புள்ளியை ஏற்றுக்கொண்டுவிட்டாலோ அதுவே ஒப்பந்தம். வலியசாலைத் தெருவில் இரண்டையும் எஸ்டிமேட் என்றே சொல்லிவிடுகிறோம். ஆகவே, 'இது உத்தேசமா, முடிவான விலையா?' என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

சட்டம் சொல்லும் காலம்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு நாள் கணக்கு எதுவும் விதிக்கவில்லை. முன்மொழிவில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடு முடிந்ததும் அது செத்துவிடும். கெடு குறிக்காவிட்டால் 'நியாயமான காலம்' கழிந்ததும் செத்துவிடும் என்று 6-வது பிரிவு கூறுகிறது.

நியாயமான காலம் எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1866-இல் நடந்த ஒரு வழக்கை வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஒருவர் ஓர் ஓட்டல் கம்பெனியின் பங்குகளுக்கு ஜூன் மாதம் மனுப் போட்டார். கம்பெனி நவம்பரில்தான் பங்கை ஒதுக்கியது. இவ்வளவு தாமதமான பிறகு அவர் வாங்கக் கடமைப்பட்டவர் அல்ல என்று தீர்ப்பாயிற்று. விலை ஏறி இறங்கும் பொருளுக்கு நியாயமான காலம் குறுகியது என்பதே இதன் கருத்து. சிமெண்டும் கம்பியும் அப்படிப்பட்ட பொருள்களே. ஆகவே, பங்குனியில் சொன்ன விலையை ஆவணியில் கேட்பவருக்குச் சட்டத்தின் துணை கிடைப்பது சந்தேகம்தான்.

பேரம் பேசுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'மூன்று லட்சம்' என்றவரிடம் 'இரண்டே முக்காலுக்கு முடியுமா?' என்று கேட்டால் அது வெறும் விசாரணை. 'இரண்டே முக்கால்தான் தருவேன்' என்று சொல்லி, அவர் மறுத்துவிட்டால், பழைய மூன்று லட்சமும் அதோடு போயிற்று. மறுநாள் போய் 'சரி, மூன்றே ஆகட்டும்' என்று சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 1840-ஆம் ஆண்டில் ஒரு பண்ணை விற்பனை வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் இதை முடிவு செய்தது. நமது சட்டத்தின் 7-வது பிரிவும் ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

'30 நாள் செல்லும்' என்று எழுதினால்?

விலைப்புள்ளியின் அடியில் '30 நாள் செல்லும்' என்று எழுதியிருந்தால் கவலையில்லை என்று நினைப்போம். ஆனால் 5-வது பிரிவின்படி, ஏற்பு தெரிவிக்கப்படும் முன் எப்போது வேண்டுமானாலும் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். பத்தாம் நாளே மேஸ்திரி 'முடியாது' என்று சொல்லிவிட்டால் அவரை மடக்குவது எளிதல்ல. ஏனென்றால் அந்த 30 நாளுக்கு அவர் பதிலுக்கு எதையும் பெறவில்லை. 'இத்தனை நாள் விலை மாறாது' என்று குறிப்பிட்டு, அதற்காகவே ஒரு சிறு தொகை கொடுத்திருந்தால் வாக்குக்குப் பலம் வந்துவிடும். பெரியவர்கள் அச்சாரம் கொடுத்தது வீணுக்கு அல்ல.

அரசாங்க டெண்டர்களிலும் இந்த வழிதான். விலை எத்தனை நாள் செல்ல வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதியிருக்கும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி டெண்டர் போடுபவர் மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை முன்பணம் கட்ட வேண்டியிருக்கும்; கெடுவுக்குள் விலகினால் அந்தப் பணம் போய்விடும். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சுங்க வசூல் டெண்டர் ஒன்றில், ஏற்பு வருமுன்பே விலகிய நிறுவனத்துக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. விலக உரிமை உண்டு, ஆனால் பணயம் வைத்த பணம் பணயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஒப்புக்கொண்ட பிறகு

விலை பேசி முடித்து, 'சரி, வேலையைத் தொடங்குங்கள்' என்று சொல்லிவிட்டால் கதை வேறு. அதன்பின் சாமான் விலை ஏறியது என்பதற்காக மட்டும் கூடுதல் கேட்க முடியாது. ராணுவத்துக்கு நெய் வாங்கித் தரும் ஏஜெண்டுகள் 1937-இல் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். பிறகு உலகப் போர் வந்து நிலைமை மாறிவிட்டது என்று கூடுதல் தொகை கேட்டார்கள். ஒப்பந்தம் பாரமாகிவிட்டது என்பதாலேயே அது முறிந்துவிடாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போரே காரணமாகாதபோது கம்பி விலை எம்மாத்திரம்?

ஆனால் கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் உண்டு. இடையில் வீட்டுக்காரர் 'இதோடு அந்தத் திண்ணையையும் பூசிவிடுங்கள்' என்று சொல்லி, பூசிய திண்ணையை அனுபவித்துக்கொண்டே 'இது பழைய கணக்கில் சேர்ந்தது' என்று சொல்ல முடியாது. இனாமாக அல்லாமல் செய்த வேலையின் பலனைப் பெற்றவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது 70-வது பிரிவு. மேற்கு வங்க அரசுக்கு முறையான ஒப்பந்தம் இல்லாமல் கட்டட வேலை செய்த காண்டிராக்டருக்கு 1961-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின்படியே பணம் கிடைக்கச் செய்தது.

விலை இறங்கினால்?

ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறோம், இறக்கமும் உண்டு. 2022 மே மாதம் மத்திய அரசு எஃகுப் பொருள்கள் பலவற்றின் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டதும் கம்பி விலை இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆயிற்று. வரியை மட்டும் கணக்கிட்டால் 128 ரூபாய்ச் சரக்கு 118 ரூபாய். அப்போது எத்தனை எஸ்டிமேட்டுகள் தாமாகக் குறைந்தன? ஏறும்போது நினைவுக்கு வரும் 'மார்க்கெட் ரேட்' இறங்கும்போதும் வர வேண்டும். அதுதான் நடுநிலை.

எது நியாயம்?

கூலியையும் சாமானையும் பிரித்து எழுதுவதே சுலபமான வழி. கூலி விலை அந்தப் பருவம் முடியும்வரை, அதாவது மழைக்கு முன் தொடங்கும் வேலைக்கு மாறாமல் நிற்கலாம். சாமான் விலைக்குப் பதினைந்து நாள் அல்லது ஒரு மாதம் போதும். கடனை நம்பி இருப்பவர், சாமானைத் தாமே சாலைக் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு மட்டும் பேசலாம். அது முடியாதென்றால், 'இன்றைய விலை: சிமெண்ட் மூட்டை இவ்வளவு, கம்பி கிலோ இவ்வளவு' என்று தாளில் குறித்து, ஏற்றமோ இறக்கமோ வந்தால் யார் ஏற்பது என்றும் எழுதிக்கொள்ளலாம். வரி உட்பட்டதா, பழைய ஓடும் மரமும் யாருக்கு, பணம் எத்தனை தவணை என்பவையும் அதே தாளில் வந்துவிட வேண்டும். இருவர் கையெழுத்தும் தேதியும் இருந்தால் போதும். தாள் இல்லையென்றால் கைப்பேசியில் அனுப்பிய செய்தியாவது இருக்கட்டும்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். ஆனால் அதை நிரூபிப்பது யார்? அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டவர் மீது வீட்டுக்காரர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். கூலி பாக்கி விழுந்த மேஸ்திரிக்கு அந்தக் கதவு இல்லை. அவர் மூன்று ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வெளியூரிலிருந்து வந்து, நாள் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைய எத்தனை பேரால் முடியும்? ஆகவே, எழுத்து வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர் வீட்டுக்காரரைவிடக் கொத்தனாரே.

'எழுத்துக் கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று நினைப்பார்களே' என்று கூசுவோர் உண்டு. தேதி போட்ட ஒரு தாள் இருந்தால், ஊரில் கோயில் கொடைக்குப் போகும்போது இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பேச முடியும்.