கொடி ஏறிவிட்டது, குழந்தை ஓடுகிறதா?

‘ஃபிட் இந்தியா’ வாரம் முடிந்து, படங்களைப் பதிவேற்றும் கெடு நெருங்கிவிட்டது. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்த ‘ஃபிட் இந்தியா பள்ளி’ கொடிச் சான்றிதழைப் பார்த்த பெற்றோர் பலர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: இதை யார் வந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள்?

அடிப்படைக் கொடிக்கு யாரும் வந்து பார்க்கத் தேவையில்லை. நிபந்தனைகளை நிறைவேற்றியதாகப் பள்ளி தன்னைத்தானே அறிவித்துக்கொண்டால் போதும். 2019 நவம்பரில் வந்த இந்த முறையில் நிபந்தனைகள் நான்கு: உடற்கல்விப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், இரண்டு விளையாட்டாவது ஆடக்கூடிய மைதானம், தினமும் ஒரு பி.டி. பீரியடு, ஒவ்வொரு மாணவருக்கும் நாளுக்கு 60 நிமிட உடல் இயக்கம்.

முதல் நிபந்தனையிலேயே சிக்கல். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரைத் தருவது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வரை பி.டி. சார் என்ற பேச்சே அதில் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். தமிழ், கணக்கு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவு எல்லாம் அவர்கள் தலையில்தான். ஓடியாடி வளர வேண்டிய வயதுக்குச் சட்டம் ஆள் தரவில்லை. ஆள் இருப்பதாக எழுதிக்கொடுத்தால் கொடி மட்டும் கிடைக்கிறது. இதைச் சாதனை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அடுத்தது அந்த 60 நிமிடம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம்தான். ஆனால் அது மிதமானது முதல் கடுமையானது வரையிலான இயக்கம். மைதானத்தில் நிற்கும் நேரம் அதில் சேராது. நாற்பது பேரை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக ஓடவிடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் போய்த் திரும்ப அரை நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம். பதிவேட்டில் 20 நிமிடம் ஏறும். ஒரு குழந்தையின் கால் அசைந்தது அரை நிமிடம். அதே நாற்பது பேரைப் பத்துப் பேராக நான்கு வரிசையில் பிரித்தால், அதே நேரத்தில் நான்கு முறை ஓடலாம். செலவு ஒரு பைசா கிடையாது.

எந்த விளையாட்டு என்பதையும் பார்க்க வேண்டும். ‘அவுட்’ ஆனவர் உட்கார வேண்டிய ஆட்டங்களில் முதலில் உட்காருவது மெதுவாக ஓடும் பிள்ளை. ஓட்டம் அதிகம் தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்குத்தான். கல்லா மண்ணாவில் அப்படி இல்லை. பிடிபட்டவர் பிடிப்பவராகிறார், ஆட்டம் நிற்காது.

பெற்றோர் கேட்கும் மற்ற கேள்விகள்:

யோகா, நடனம் கணக்கில் வருமா? வரும்; ஆனால் மூச்சு வாங்க ஓடுவதற்கு ஆசனம் ஈடாகாது.

பள்ளியில் நடக்கும் உடல் தகுதிச் சோதனையில் என் ஒன்றாம் வகுப்பு மகள் 600 மீட்டர் ஓட வேண்டுமா? வேண்டாம். மூன்றாம் வகுப்பு வரை உயரம்-எடை, ஒற்றைக் காலில் நிற்பது, தட்டுகளை மாறி மாறித் தொடுவது மட்டுமே.

வீட்டுப்பாடம் முடிக்காத மகனை பி.டி. பீரியடில் வகுப்பிலேயே உட்காரவைக்கிறார்கள், கேட்கலாமா? அவசியம் கேளுங்கள், எழுத்திலேயே கேளுங்கள்.