ஆவினத்தின் நிணநீருறுப்புக்களிற் குருதிக்கலன்கள்

குருதி உடலெங்கணுஞ் சுற்றிவருகின்றது என்னும் உண்மையை 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹாவி நிலைநாட்டினார். நாடிகளிலிருந்து நாளங்களுக்கு அஃது எவ்வழியாற் செல்கின்றது என்பதை அவர் கண்டாரல்லர். இத்தாலியரான மல்பீசி 1661இல் தவளையின் நுரையீரலில் மயிர்க்குழாய்களைக் கண்டு அக்குறையை நிரப்பினார். தசையிலுந் தோலிலும் இவ்வொழுங்கு எளிதே: நாடி கிளைத்து மயிர்க்குழாய்களாகும், அவை கூடி நாளமாகும், செங்குழியங்கள் குழாயை விட்டு வெளியேறா. நிணநீருறுப்புக்களிலோ இவ்விதி பலவாறு திரிபடைகின்றது. அத்திரிபுகளை அறியாது அவ்வுறுப்புக்களின் தொழிலை அறிதல் அரிது. பசுவின் உடலைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

கன்றின் கழுத்தில் மூச்சுக்குழலின் இருமருங்கும் நீண்டு, மார்பறையினுள்ளும் இறங்கிக் கிடப்பது தைமசுச் சுரப்பி. இதன் புறப்பகுதியிலுள்ள மயிர்க்குழாய்களின் சுவர் இடைவெளியற்றது. அதனைச் சூழ மேலணிக் கலங்களும் ஓர் அரண்போல அமைந்துள. இளங்குழியங்கள் முதிருமுன் குருதியிலுள்ள அயற்பொருள்கள் அவற்றை அணுகாவண்ணம் இவ்வரண் காக்கின்றது. கன்று வளர்ந்து பருவமெய்த, இச்சுரப்பி சுருங்கிவிடும்.

நிணநீர்க்கணுக்களில் நிலைமை வேறு. பசுவின் தோட்பட்டைக்கு முன்னே கையாற் றடவியறியத்தக்க கணுவை உதாரணமாகக் கொள்வோம். நிணநீர் கணுவின் உறையைப் பல இடங்களிற் றுளைத்து உட்புகும். குருதியோ கணுவின் வாயில் வழியாக நாடியிற் புகுந்து, புறப்பகுதியை அடைந்து, மயிர்க்குழாய் வலையாகப் பரவும். அவ்வலை ஒன்றுகூடும் சிறுநாளங்களிலேதான் புதுமை காணப்படுகின்றது. பிற இடங்களில் தட்டையாயிருக்கும் அகவணிக் கலங்கள் இங்கே உயர்ந்து தடித்திருக்கின்றன. குருதியில் வரும் நிணநீர்க்குழியங்கள் இக்கலங்களைப் பற்றிச் சுவரை ஊடுருவிக் கணுவினுட் செல்லும். செங்குழியங்களோ தம்வழியே போய்விடும். உட்சென்றவை பின்னர் நிணநீருடன் வெளியேறி மீண்டுங் குருதியை அடையும். இச்சுழற்சியை எலிகளிலே ஆராய்ந்து கெளவன்சு என்பார் 1959இலும், பிறருடன் கூடி 1964இலும் விளக்கினார். பன்றியின் கணுக்களில் இக்குழியங்கள் பெரும்பாலும் நேரே குருதிக்கே மீளுகின்றன, ஆவினத்தில் அவ்வாறன்று.

பெருநாடியை அடுத்து, மிளகளவினவுங் கடலையளவினவுமாய்க் கருஞ்சிவப்பு நிறமுடைய சிறு கணுக்களும் உள. இவை குருதிக்கணுக்கள். முதன்முறை கண்டபொழுது யான் உறைந்த குருதித்துளிகளெனவே எண்ணினேன். நிணநீர் பாயவேண்டிய குடாக்களிற் குருதியே நிரம்பியிருத்தலின் இந்நிறம் வந்தது. அசைபோடும் விலங்குகளில் இவை தெளிவாகத் தோன்றுகின்றன.

இனி மண்ணீரலை நோக்குவோம். பசுவின் மண்ணீரல் தட்டையாய் நீண்ட வார் போன்றது. இடப்பக்கத்தே முதலிரைப்பையின்மீது படிந்து கிடப்பது. மேல்முனையின் அண்மையில் ஓரிடத்திலேயே நாடி புகும். நாளமும் அங்கேயே வெளிவரும். நாடியின் கிளைகள் முதலில் உறையிலிருந்து உட்செல்லுஞ் சலாகைகளின் வழியே ஓடும். அவற்றைப் பிரிந்ததும் நிணநீர்க்குழியங்கள் அவற்றைக் கஞ்சுகம்போற் போர்த்துக்கொள்ளும். இதுவே வெட்டுமுகத்தில் வெண்புள்ளிகளாகத் தோன்றும் வெண்கூழ். பின்னர் ஒவ்வொரு சிறுநாடியுந் தூரிகையின் மயிர்போலப் பிரிந்து, செங்கூழினுள் வாய் திறந்தபடியே முடிகின்றது. குருதி கரையற்ற வாய்க்காலின் நீர்போல அங்குள்ள வலையிழையத்திற் பரவும். நாளத்தை அடைய ஒவ்வொரு செங்குழியமுந் தின்குழியங்களைக் கடந்து, ஒடுங்கிய இடைவெளிகளில் வளைந்து நுழையவேண்டும். முதுமையால் விறைத்தவை அங்கே அகப்பட்டு அழியும். மனிதரிலும் நாயிலுங் காணப்படும் அகன்ற நாளக்குடாக்கள் பசுவில் இல்லை. எளிய சிறுநாளங்களே குருதியை ஏற்கின்றன.

இவ்வமைப்பின் பயனை உண்ணிக் காய்ச்சல் காட்டுகின்றது. பபீசியா என்னும் ஒட்டுண்ணி செங்குழியத்தினுள் வாழ்வது. அதனை உண்ணிகள் பரப்புகின்றன என்பதைச் சிமித்து, கில்போன் என்போர் 1893இல் வெளியிட்டனர். ஒட்டுண்ணி புகுந்த குழியங்களை மண்ணீரல் வடித்தழிக்கின்றது. அதனாலேயே ஆஸ்திரேலியாவில் இந்நோய்க்கு உயிர்த்தடுப்புமருந்து ஆக்குவோர், மண்ணீரல் அகற்றப்பட்ட கன்றுகளில் ஒட்டுண்ணியைப் பெருக்கினர்.

ஆயினும் வடிகட்டியே வெள்ளத்தில் அமிழ்வதும் உண்டு. அடைப்பான் நோயில் மண்ணீரல் பன்மடங்கு வீங்கி, தார்போற் கறுத்துக் குழைந்துவிடும். குருதி நேரே செங்கூழில் ஊற்றப்படுதலின் கிருமிகளும் அங்கே திரளுகின்றன. இந்நோய்க்குச் செருமானியர் இட்ட பெயரே மண்ணீரலெரிவு எனப் பொருள்படும். இதன் கோலுயிர் வித்திகளை உண்டாக்குவதை 1876இல் கோக் விளக்கினார். காற்றுப்பட்டால் வித்திகள் தோன்றி மண்ணிற் பல்லாண்டு நிலைத்திருக்கும். ஆதலின் திடீரென இறந்த மாட்டில் இந்நோயென ஐயம் எழின், மண்ணீரலைக் காணவேண்டுமென்று உடலைப் பிளத்தல் பெருந்தவறு. காதின் நாளத்திலிருந்து ஒரு துளி குருதியெடுத்துக் கண்ணாடித்தட்டிற் பூசி, நுணுக்குக்காட்டியில் நோக்குவர்.