அல்ட்ரா-வைட் வாங்கலாமா? விடை மௌங்காவாவ் மலையில இருக்கு

லென்ஸ் எபிசோடில் நேரம் பத்தாமல் விட்ட கேள்வியை இங்கே எடுத்துக்கறோம்: “அல்ட்ரா-வைட் லென்ஸ் எனக்குச் சரிப்படுமா?” கடையில் கேட்டா ‘சூப்பரா இருக்கும்’னுதான் சொல்வாங்க. உங்க ஸ்டைலைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, பாதிப் பேருக்கு இது தேவையே இல்லைங்கிறது என் கருத்து. மீதிப் பேருக்கு இது இல்லாம முடியாது. நீங்க எந்தப் பாதி?

முதல்ல எண்கள், வேகமா. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ.க்குக் கீழே போனா அல்ட்ரா-வைட்னு பொதுவா சொல்றாங்க. மூலைக்கு மூலை அளந்தா 24 மி.மீ. லென்ஸ் 84 டிகிரி பார்க்கும், 16 மி.மீ. 107 டிகிரி, 14 மி.மீ. 114 டிகிரி. உங்க கேமரா ஏபிஎஸ்-சி சென்சார்னா 1.5-ஆல் (கேனன்னா 1.6-ஆல்) பெருக்கிக்கணும். அதில் 16 மி.மீ. மாட்டினா உங்களுக்குக் கிடைப்பது 24-ன் பார்வைதான். நிஜமான 16 வேணும்னா 10 அல்லது 11 மி.மீ. தேடணும். “16 மி.மீ. வாங்கினேன், அவ்வளவு அகலமா தெரியலையே”ன்னு புலம்புறவங்களில் நிறைய பேருக்கு இதுதான் கதை.

இப்போ விஷயத்துக்கு வருவோம். எப்சம் இருக்கிறது மௌங்காவாவ் (மவுண்ட் ஈடன்), மௌங்காகியேகியே (ஒன் ட்ரீ ஹில்) ரெண்டு எரிமலைக்கும் நடுவுல. மௌங்காவாவ் 196 மீட்டர். உச்சிக்கு 2016-லிருந்து பொதுவா கார் கிடையாது, நடந்துதான் போகணும். மேலே ஏறினதும் எல்லாரும் என்ன செய்வாங்க? சிட்டியும் கடலும் தூரத்தில் ராங்கிடோட்டோவும் ஒரே படத்தில் வரணும்னு ஃபோனை 0.5-க்குத் தட்டுவாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா பாதிப் படம் வானம், கால்வாசி புல்லு, நடுவுல கோடு மாதிரி ஏதோ ஒண்ணு. அந்தக் கோடுதான் ராங்கிடோட்டோ.

ஏன் இப்படி? ராங்கிடோட்டோ 260 மீட்டர் உயரம், சுமார் 5.5 கி.மீ. அகலம். மௌங்காவாவிலிருந்து கிட்டத்தட்ட 13 கி.மீ. தூரம். கணக்குப் போட்டா, 16 மி.மீ. லென்ஸில் அந்தத் தீவு படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். உயரத்தில் சுமார் 75-ல் ஒரு பங்கு! அதே இடத்திலிருந்து 85 மி.மீ. மாட்டினா தீவு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிறையும். அதனால “லேண்ட்ஸ்கேப்னா வைட்”ங்கிற பழைய பேச்சை அப்படியே நம்பாதீங்க. தூரத்து மலை உங்களுக்குப் பிடிச்ச விஷயம்னா, காசை டெலிஃபோட்டோவில் போடுங்க.

அதே மலையில் அப்படியே திரும்பி நில்லுங்க. 50 மீட்டர் ஆழமான எரிமலை வாய், உங்க காலடியிலேயே ஆரம்பிக்குது. மாவோரி மக்களுக்கு அது புனிதமான இடம், உள்ளே இறங்கக் கூடாது. பின்னாடி போகவும் இடமில்லை. விளிம்பில் இருக்கும் மரப்பலகைப் பாதையில் நின்னுதான் எடுக்கணும். இங்கே 24 மி.மீ. மாட்டினா கிண்ணத்தில் ஒரு துண்டுதான் வரும். 16-ல், காலடிப் புல்லிலிருந்து எதிர்க்கரை வரைக்கும் அந்த வளைவு முழுசா வருது, பள்ளம் பள்ளமாவே தெரியுது.

ஒரே மலை, ஒரே லென்ஸ், ரெண்டு விதமான விடை. வித்தியாசம் எங்கே? ரெண்டாவது படத்தில் முக்கியமான பொருள் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கு. ‘நிறைய அடக்கணும்’னு இதை வாங்குறவங்க சீக்கிரமே பையிலேயே வெச்சுடுவாங்க. ‘கிட்டப் போகணும்’னு வாங்குறவங்கதான் உபயோகிப்பாங்க.

கிட்டப் போனா என்ன ஆகும்? பொங்கல் அன்னைக்குப் பின்கட்டில் அடுப்பு வெச்சிருக்காங்க. பானைக்கு 40 செ.மீ. தள்ளி கேமரா, பாட்டி 2 மீட்டரில் நிக்கிறாங்க. பாட்டி பானையை விட 5 மடங்கு தூரம், அதனால பானை பிரமாண்டமா பொங்கி வழியும், பாட்டி குட்டியா பின்னாடி சிரிப்பாங்க. இதையே 3 மீட்டர் தள்ளிப் போய் 50 மி.மீ.யில் எடுத்தா, பாட்டி இருப்பது 4.6 மீட்டரில். பானையை விட ஒன்றரை மடங்கு தூரம்தான், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஒட்டினாப்ல தெரியும். கவனிங்க, இந்த மாற்றத்தைச் செய்தது நீங்க நின்ன தூரம். லென்ஸ் அவ்வளவு கிட்ட நிக்க விட்டுச்சு, அவ்ளோதான்.

அதே பொங்கலுக்கு 20 பேர் குரூப் ஃபோட்டோ எடுக்கிறப்ப கதை மாறும். நேர்கோடுகளை நேராவே காட்டுற லென்ஸ் எல்லாம் ஓரத்தை இழுக்கும். 16 மி.மீ.யில் இடது, வலது ஓரத்தில் வரும் ஒரு முகம், உயரத்தை விட அகலத்தில் 1.5 மடங்கு நீளும். 24-ல் 1.25 மடங்கு, 35-ல் 1.12. ஓரத்தில் நிக்கிற பெரியப்பா சும்மாவே கொஞ்சம் பூசினாப்ல இருப்பார். அந்தப் படத்தை ஃபேமிலி வாட்ஸ்அப்பில் போட்டா அடுத்த தீபாவளி வரைக்கும் பேச்சு வாங்கணும். இடமில்லாமல் வைட்தான் எடுத்தாகணும்னா, மனுஷங்களை நடுவில் நெருக்கி நிக்க வெச்சு, ஓரத்தைச் செடிக்கும் சுவருக்கும் விட்டுடுங்க. கேமராவை மேலே கீழே சாய்க்காமல் மட்டமா பிடிங்க. சாய்ச்சா சுவரெல்லாம் விழப்போற மாதிரி நிக்கும்.

இன்னொரு விஷயம், இது டெக்னிக்கல் இல்லை. அல்ட்ரா-வைட்டில் மனுஷங்களை எடுக்கணும்னா அரை மீட்டர், ஒரு மீட்டர் தூரத்தில் நிக்கணும். ‘தி ரெவனன்ட்’ படத்தில் லுபெஸ்கி மிக அகலமான லென்ஸோட டிகாப்ரியோ முகத்துக்கு ஒட்டினாப்ல போயிருப்பார், மூச்சுக்காத்து லென்ஸில் படுற அளவுக்கு. அது நடிகர். கோயில்ல தவில் வாசிக்கிறவர் பக்கத்தில் நீங்க அப்படிப் போவீங்களா? தெரிஞ்சவரா இருந்து, கண்ணாலேயே கேட்டு, அவர் தலையசைச்சா கைவிரல் கவசத்திலிருந்து பின்னாடி கூட்டம் வரைக்கும் ஒரு அற்புதமான படம் கிடைக்கும். ஆனா கல்யாணத்தில் மாலை மாத்துறப்ப அவ்வளவு கிட்டப் போனா, பின்னாடி உக்காந்திருக்கிற 300 பேருக்கும் உங்க முதுகுதான் தெரியும். அரங்கேற்றத்தில் உங்க இருக்கையிலிருந்து இந்த லென்ஸ் சுத்தமா வேலைக்காகாது. மேடை சின்னப் பெட்டியா தெரியும். ஓரமா நின்னு, யாருக்கும் தெரியாம அம்மா கண் துடைக்கிறதை எடுக்கிற ஆள் நீங்கன்னா, அது ஒரு அழகான ஸ்டைல். அதுக்கு 50-ம் 85-ம் தான் துணை.

சரி, காசு செலவழிக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஐஃபோன் 11 (2019) முதல் வந்த நிறைய ஐஃபோன்களில் 0.5 லென்ஸ் இருக்கு. அது ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 13 மி.மீ. ரெண்டு வாரம் அதில் மட்டும் எடுங்க. இருட்டில் தரம் சுமாராத்தான் இருக்கும், அதைப் பார்க்காதீங்க, பார்வையை மட்டும் பாருங்க. கார்ன்வால் பார்க்கில் ஒரு மரத்தடியில் வேரை ஒட்டி உக்காந்து கிளைகளை நோக்கி எடுங்க. ஈடன் கார்டன் பழைய குவாரிக்குள்ள போட்ட தோட்டம், அங்கே ஒரு பூவுக்கு ரொம்பக் கிட்டப் போய், பின்னாடி பாறையும் வர்ற மாதிரி எடுங்க. கார்ன்வால் பார்க் ஆடுகளை மட்டும் விட்டுடுங்க. நீங்க கிட்டப் போறதுக்குள்ள அது ஓடிடும், ஓடலைன்னாலும் ஓட வைக்கக் கூடாது.

அடுத்து, உங்க பழைய படங்களை எடுங்க. லைட்ரூம் மாதிரி எதிலேயாவது ஃபோகல் லெங்த் வாரியாப் பிரிக்கலாம். உங்க ஜூம் லென்ஸின் ஆகக் கம்மியான எண்ணில், 18-லோ 24-லோ, எத்தனை படம் இருக்குன்னு பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி: அப்போ பின்னாடி போக இடம் இருந்துச்சா? இருந்துச்சுன்னா உங்களுக்குத் தேவை ரெண்டு எட்டு நடை. இல்லைன்னா, அதுவும் முன்னாடி கைக்கெட்டுற தூரத்தில் ஏதோ ஒண்ணு இருந்துச்சுன்னா, நீங்க அல்ட்ரா-வைட் ஆள்தான்.

வாங்குறதுன்னு முடிவானா, முதல் லென்ஸுக்கு எடை பாருங்க. கேனன் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 வெறும் 165 கிராம். எதிர்ப்பக்கம் நிக்கான் 14-24 (2007-ல் வந்த பழையது) மாதிரி முன்கண்ணாடி முட்டைக்கண் போல வெளியே தள்ளி நிக்கிற லென்ஸ்களும் உண்டு. அதில் சாதாரண ஃபில்டர் மாட்டவே முடியாது. மாட்ட முடிஞ்ச லென்ஸிலும் போலரைசர் போட்டு வானம் எடுக்காதீங்க, ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்னு திட்டுத் திட்டா வரும். அதுக்கு முன்னாடி ஒரு வீக்எண்ட் வாடகைக்கு எடுத்து, எரிமலை வாய் ஓரமா ஒரு தடவை, வீட்டு விசேஷத்தில் ஒரு தடவை பாருங்க. ரெண்டு இடத்திலேயும் எடுத்ததில் எந்தப் படத்தை நீங்களே திரும்பத் திரும்பப் பார்க்கிறீங்கன்னு கவனிச்சு எங்களுக்கு எழுதுங்க.