தசை இடம் மாறியது; பாதம் நிமிர்ந்தது!

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். உருண்டையாக ஓர் எலும்பு முனை தட்டுப்படுகிறதல்லவா? அதற்கு அடுத்தாற்போல், தோலுக்கு மிக அருகில், ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. பாதத்தை மேல்நோக்கித் தூக்கும் தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்வது இந்த நரம்புதான்.

தொழுநோய்க் கிருமிகள் உடலின் குளிர்ந்த பகுதிகளில் நன்கு பெருகும். ஆகவே, தோலை ஒட்டிச் செல்லும் இந்த நரம்பு எளிதில் பாதிக்கப்படுகிறது. நரம்பு செயலிழந்தால் பாதம் தொங்கிவிடும். நடக்கும்போது கால்விரல்கள் தரையில் இழுபடும்.

இத்தகையோரை மீண்டும் நன்றாக நடக்கவைக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களுள் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் பிறந்த இவர், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களை 1948 முதல் அறுவை மூலம் சீர்செய்தார். பின்னர் அவரும் அவருடைய குழுவினரும் பாதங்களையும் சீர்செய்தனர்.

போலியோ நோயாளிகளுக்கு ஏற்கெனவே செய்யப்பட்டு வந்த தசை மாற்றுமுறையே இதற்கும் உதவியது. கெண்டைக்காலின் ஆழத்தில், பாதத்தை உட்புறமாகத் திருப்பும் தசை ஒன்று உண்டு. அதற்குரிய நரம்பு வேறு. அது ஆழத்தில் செல்வதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மருத்துவர் இத்தசையின் நாணைப் பாதத்திலிருந்து பிரித்து, காலின் முன்பக்கம் கொண்டுவந்து, பாதத்தின் மேற்புறத்தில் இணைக்கிறார். பிறகு சில வாரங்கள் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்தபின் ஒரு வேடிக்கை! ‘பாதத்தை உள்ளே திருப்பு’ என்று நோயாளி நினைக்கிறார். பாதமோ மேலே எழும்புகிறது! பயிற்சி செய்யச் செய்ய, மூளை இப்புதிய பாடத்தைக் கற்றுக்கொள்கிறது.

ஆனால், இழந்த உணர்ச்சியை அறுவையால் மீட்க முடியாது. முள் குத்தினாலும் வலிக்காது. அப்படியே நடந்தால் புண் பெரிதாகும். வலி நமக்குக் காவலாளி என்பதை பிராண்ட் வலியுறுத்தினார். அக்காவலாளி இல்லாதவர்களுக்கு மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்பும், நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமுமே பாதுகாப்பு.

நரம்பு கெடுவதற்கு முன்பே சிகிச்சை தொடங்குவது இன்னும் நல்லது. உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமலைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தரப்படும் கூட்டு மருந்து தொழுநோயை முற்றிலும் குணப்படுத்துகிறது.