ரத்தப் புற்றுநோய்: குளிசையை இடையில் விடாதீர்கள்



ரத்தப் புற்றுநோய் என்றதும் "இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று கையை விரித்து விடுகிறோம். ஆனால் அதில் பல வகை உண்டு. நாட்பட்ட மைலோயிட் லியூக்கேமியா என்ற வகைக்கு இன்று தினமும் விழுங்கும் குளிசை இருக்கிறது.

நமது உடற்கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உண்டு. உடம்பு எப்படி இயங்க வேண்டும் என்ற கட்டளைகள் அவற்றில் இருக்கின்றன. இந்த நோயில், ரத்தம் உண்டாகும் எலும்பு மச்சையில் ஒரு கலத்தின் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் பிழையான கட்டளை "பெருகு, பெருகு" என்று ஓயாமல் ஏவும். தண்ணீர்ப் பம்பின் சுவிச் இறுகி, நிறுத்த முடியாமல் போனது போலத்தான். வெள்ளை அணுக்கள் அளவு மிஞ்சிப் பெருகும்.

1960 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இந்த மாறிய நிறமூர்த்தத்தைக் கண்டார்கள். துண்டுகள் இடம் மாறியதை 1973 இல் ஜனெட் ரௌலி என்ற பெண் வைத்தியர் விளக்கினார். அந்தச் சுவிச்சை அடைக்கும் இமாட்டினிப் குளிசைக்கு 2001 இல் அங்கே அனுமதி கிடைத்தது.

விலைதான் பெரிய தடையாக இருந்தது. 2013 அளவில் இந்தியாவில் கம்பனிக் குளிசை மாதம் சுமார் 1,20,000 ரூபாவாக இருந்தது. உள்ளூர்த் தயாரிப்பு அப்போது சுமார் 8,000 ரூபாவாக இருந்தது. 2013 ஏப்ரல் 1 இல் இந்திய உச்ச நீதிமன்றம் காப்புரிமையை மறுத்ததால் மலிவான தயாரிப்பு நின்றுபோகவில்லை.

"பரம்பரை வருத்தமா? பிள்ளைக்கு வருமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. இந்த மாற்றம் பிறந்த பிறகு ஏற்படுவது. பிள்ளைக்கும் போகாது, தொட்டாலும் ஒட்டாது. மறைக்க வேண்டியதில்லை.

தீராத களைப்பு, மெலிவு, இரவு வியர்வை, இடது விலாவின் கீழ் பாரம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதியுங்கள். வட பகுதிக்குத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து பணம் சேர்த்தது அதற்காகத்தான்.

முக்கியமான விஷயம்: சுகம் வந்தது போலத் தெரிந்தாலும் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கலங்கள் மறுபடி பெருகும். குளிசை வேலை செய்யாவிட்டால் வேறு குளிசைகள் உண்டு. வைத்தியர் பார்த்து மாற்றுவார். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே அவரிடம் சொல்ல வேண்டும்.

கிளினிக் நாளில் சம்பளம் போகுமே என்று தவறவிடாதீர்கள். லீவு விஷயமாக நலன்புரி உத்தியோகத்தரிடம் வந்து கதையுங்கள்.