காருக்குள்ளே ஒரு மழைக்காலம்!

"ஞாயித்துக்கிழமை ஒரு தும்மல் கிடையாது. திங்கட்கிழமை கார்ல ஏறினா போதும், 'அச்... அச்...'னு ஆரம்பிச்சிடுவா. ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாளோன்னு திட்டிக்கூட இருக்கேன்!"

எண்ணூரில் வசிக்கும் தோழி ஒருவர் சொன்னது இது. மகளுக்கு எட்டு வயது. மார்கழி பிறந்ததும் தும்மல் இழுப்பாக மாறியது. நெஞ்சில் விசில் சத்தம். பதறிப்போய் டாக்டரிடம் ஓடினார்கள். மருந்து எழுதிய கையோடு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"குழந்தை ஸ்கூலுக்கு எதுல போகுது?"

"எங்க கார்லதான் டாக்டர். மழையில நனையவே விடறதில்லை."

"வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா கார் மேட்டைத் தூக்கிப் பாருங்க."

பார்த்தார்கள். ரப்பர் மேட் மேலே காய்ந்துதான் இருந்தது. அடியில் இருந்த கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது! ஓரங்களில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. மழையில் நனையாமல் காப்பாற்றுவதாக நினைத்து, தினமும் அந்தப் பூஞ்சைக் காற்றில் குழந்தையை உட்கார வைத்திருக்கிறார்கள்!

எண்ணூருக்கும் காருக்கும் உறவு பழசு. 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், முதலில் இங்கே பூட்டி அனுப்பியது ஆஸ்டின் கார்களைத்தான். லேலண்ட் லாரியெல்லாம் பிறகுதான். இன்றைக்கும் காமராஜர் துறைமுகத்தில் வெளிநாட்டுக்குக் கப்பலேறக் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால், கடலோரத்தில் வைத்திருக்கும் காருக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்பது நம்மில் பல பேருக்குத் தெரிவதில்லை.

உப்பு ஜாடி சொல்லும் பாடம்

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு கசிந்து கிடக்குமல்லவா? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடற்காற்றிலும், மணலில் நடந்து வந்த செருப்பிலும் ஒட்டியிருக்கும் உப்பு, கார்ப்பெட்டில் படிந்து இதே வேலையைச் செய்கிறது. அதனால்தான் கடலோரக் கார்களில் ஒருமுறை புகுந்த ஈரம் லேசில் போவதில்லை.

ஈரம் வருவதற்கு வேறு வழிகளும் உண்டு. நனைந்த குடை, ரெயின்கோட், கதவின் கிழிந்த பீடிங் ரப்பர், டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம்... இவற்றோடு நம் மூச்சும் வியர்வையும்! ஓர் ஆளிடமிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மில்லி நீர் ஆவியாக வெளியேறுகிறது. நான்கு பேர் போனால் அரை டம்ளர் தண்ணீரைக் காருக்குள் தெளித்த மாதிரிதான்.

தோழியின் காரில் குற்றவாளி வேறு. ஏ.ஸி. ஓடும்போது உள்ளே குளிர்ந்த குழாய்களில் சேரும் தண்ணீர், ஒரு சின்ன டியூப் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். தூசி அடைத்துக்கொண்டதால் அது காருக்குள்ளேயே, முன் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் இறங்கியிருக்கிறது. உங்கள் காரில் ஏ.ஸி. ஓடும்போது கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்!

கண்ணாடி மங்கினால்...

மழையில் போகும்போது முன் கண்ணாடி திடீரென்று மங்கும். உடனே கையால் துடைப்போம். மறுநிமிடமே மறுபடி மங்கும். முதலில் வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தெளிந்தால் ஈரம் வெளிப்பக்கம். அதாவது, உங்கள் ஏ.ஸி. கண்ணாடியை அதிகம் குளிர வைத்துவிட்டது. குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடி மேல் படாமல் திருப்புங்கள். தெளியாவிட்டால் ஈரம் உள்பக்கம். ஏ.ஸி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரும் வழியைத் திறந்துவிடுங்கள். ஏ.ஸி. காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுத்துவிடும்.

"எங்க ரோட்டுல வெளிக்காத்தைத் திறந்தா கன்டெய்னர் லாரி புகையும் தூசியும்தானே வரும்?" என்று எண்ணூர்வாசிகள் கேட்பது நியாயம்தான். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மூடுங்கள். தாண்டியதும் சில நிமிடம் திறங்கள். பயணம் முழுக்க மூடியே வைத்தால் ஈரம் மட்டுமல்ல, நாம் விடும் கரியமில வாயுவும் உள்ளேயே சேரும். ஓட்டுகிறவருக்குக் கண்ணைச் சுழற்றும்!

மூக்கைத் துளைக்கும் ஆபத்து

ஈரமான துணியிலும் ஃபோமிலும் ஓரிரு நாளிலேயே பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும். ஈரமும் பூஞ்சையும் உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே எச்சரித்திருக்கிறது. குழந்தைகளும், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களும்தான் முதலில் மாட்டுவார்கள்.

நாற்றத்தை மறைக்கப் பாச்சை உருண்டை போடுகிறீர்களா? வேண்டவே வேண்டாம்! அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற என்ஸைம் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். வாசனை ஸ்பிரேயும் நாற்றத்தை மறைக்குமே தவிர, பூஞ்சையைப் போக்காது.

காய வைப்பது எப்படி?

* மேட்டுகளை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டின் மேலும் கீழும் பழைய நியூஸ்பேப்பரைப் பரப்புங்கள். நனைய நனைய மாற்றுங்கள்.

* வெயில் அடிக்கும் நாளில் நான்கு கதவு, டிக்கி எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். ஒருநாளில் காயாது. பொறுமை வேண்டும்.

* உப்பு படிந்த மேட்டை நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்துப் போடுங்கள்.

* வீடு வந்துசேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏ.ஸி.யை நிறுத்தி, ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் காயும்.

* பூஞ்சையைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடைக்கலாம். மூக்கு, வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வினிகரோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது. விஷவாயு கிளம்பும்!

* மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுக் காரைக் காய வைக்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

டிசம்பர் 2023-ல் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் எண்ணெய்க் கழிவு கலந்த வெள்ளம் புகுந்தது நினைவிருக்கிறதல்லவா? அப்படிப்பட்ட தண்ணீரில் சீட் வரை நனைந்த காருக்கு நியூஸ்பேப்பர் வைத்தியம் போதாது. ஸ்டார்ட் செய்து பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஊறிய ஃபோமை மாற்றிவிடுவதுதான் நல்லது.

ஊட்டிக்குப் போகிறீர்களா?

நம்மூர் மார்கழியில் பனித்துளியோடு சரி. பொங்கல் லீவுக்கு ஊட்டி போனால், காலையில் கண்ணாடியில் உறைபனியே படர்ந்திருக்கும். அவசரப்பட்டு வெந்நீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும்! இரவே கண்ணாடி மேல் அட்டையோ, கெட்டித் துணியோ போட்டு மூடி வையுங்கள். காலையில் ஹீட்டரைப் போட்டு, முழுக்கத் தெளிந்த பிறகே கிளம்புங்கள்.

தோழியின் காரில் அடைப்பை எடுத்து, கார்ப்பெட்டைக் கழற்றி ஒரு வாரம் மொட்டை மாடியில் காய வைத்தார்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரும் தொடர்ந்தது. 'கார் காய்ந்துவிட்டதே' என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. இப்போது திங்கட்கிழமை தும்மல் இல்லை.

"பாவம், நடிக்கிறான்னு திட்டிட்டேனே..." என்கிறார் அந்த அம்மா. மகளோ விவரமானவள்.

"பரவாயில்லைம்மா. இனிமே நனைஞ்ச குடையை நீதான் கார்ல போடக் கூடாது!"